புதுப்பிப்பு: அப்பாவின் மாந்தோப்பு, உயிலா செட்டில்மென்ட்டா?

போச்சம்பள்ளி பக்கம் உள்ள மாந்தோப்பை எனக்கும் தங்கைக்கும் அப்பா இப்போதே செட்டில்மென்ட் (உயிரோடு இருக்கும்போதே சொத்தை எழுதிக் கொடுத்துவிடும் பத்திரம்) எழுதுவதா, உயில் போதுமா என்று முன்பு கேட்டிருந்தேன். உயில்தான் என்று முடிவாகிவிட்டது. செட்டில்மென்ட் எழுதிப் பதிந்துவிட்டால் நினைத்தபடி திரும்ப வாங்க முடியாது. உயிலை அவர் எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம். எழுபதைத் தாண்டியவரின் கையில் அந்தப் பிடி இருந்தே ஆக வேண்டும்.

உயிலுக்குப் பதிவு கட்டாயமில்லை, ஆனாலும் செய்துவிட்டோம். பங்கு இல்லாத இரண்டு பேர் சாட்சிக் கையெழுத்துப் போட்டார்கள். சர்வே எண்களைப் பட்டாவோடு ஒத்துப் பார்த்தபோது, பொதுக்கிணற்றில் எங்களுக்குள்ள பாதி பாத்தியம் வரைவில் விட்டுப்போயிருந்தது. தண்ணீர் இல்லாமல் தோப்பு எதற்கு? சேர்த்தோம்.

அப்புறம், சிறுபிள்ளை வைத்திருப்பவர்களே, வங்கிக் கணக்கில் நாமினி போட்டதோடு இருந்துவிடாதீர்கள். நாமினி பணத்தை வாங்குபவர் மட்டுமே, உரிமை வாரிசுகளுக்குத்தான். என் உயிலில் பிள்ளைகளின் காப்பாளர் பெயரையும் எழுதப்போகிறேன்.