நாகஸ்வர இசையைத் தேடிக் கண்டடைய வழி சொல்லுங்கள்

குழுவிலுள்ள அனைவருக்கும் வணக்கம்.

நாகஸ்வரத்தில் இதுவரை நான் கேட்டிராத கலைஞர்களை அறிந்துகொள்ளும் ஆவலில், எட்டு மாதங்களாக ஓர் இசைச் செயலிக்கு மாதச் சந்தா கட்டி வருகிறேன். ஆனால் டி. என். ராஜரத்தினம் பிள்ளையின் தோடி ஆலாபனை முடிந்த மறுநொடியே, செயலி தானாகவே கல்யாண வீட்டு மங்கல வாத்தியத் தொகுப்புக்குத் தாவிவிடுகிறது. கெட்டிமேளம் முழங்கத் தொடங்கியதும், அந்த ஆலாபனை மனத்தில் நிறைத்திருந்த அமைதி முழுவதும் கலைந்துபோகிறது.

ஒன்றைக் கேட்பவர்கள் வேறு எவற்றையெல்லாம் கேட்கிறார்கள் என்பதையும் கணக்கில் கொண்டே இத்தகைய செயலிகள் பரிந்துரைக்கின்றன என்பதால், கேட்பவர்கள் குறைந்த பழைய ஒலிப்பதிவுகள் எளிதில் முன்னுக்கு வருவதில்லை என்று நினைக்கிறேன். பெயர்களை எழுதும் முறையும் பெரிய தடைதான். காருகுறிச்சி அருணாசலத்தின் பெயரை ஆங்கிலத்தில் ஓர் எழுத்து மாற்றித் தட்டிய பிறகே, அதுவரை கண்ணில் படாத ஒரு தொகுப்பு கிடைத்தது. அன்று இரவு முழுவதும் அதையே கேட்டுக்கொண்டிருந்தேன்.

ஷேக் சின்ன மௌலானாவுக்குப் பின்வந்த தலைமுறையில் யாரிடமிருந்து தொடங்கலாம்? விரிவான ராக ஆலாபனைகளை மட்டும் திரட்டிய பட்டியல் எவரிடமேனும் இருந்தால், தயவுசெய்து பகிருங்கள். வீட்டில் பிள்ளைகளும் இதே கணக்கில் திரைப்பாடல்கள் கேட்கிறார்கள்; எனக்கெனத் தனிக் கணக்கு தொடங்கினால் பரிந்துரைகள் திருந்துமா என்பதையும், அனுபவம் உள்ளவர்கள் தெரிவித்தால் மிகவும் நன்றியுடையவனாக இருப்பேன்.