டொரண்டோ பேஸ்பால் அணி எடுத்த ரெண்டு 20-வது பிக்: 2025-ல் ஒருவர் வேர்ல்ட் சீரிஸில், நிம்மலா ஹை-ஏயில். ஏன் இப்படி?

நகரி_தறிக்காரன்

வணக்கம். நான் நகரி பக்கம், ஏகாம்பரகுப்பம். ராத்திரி ஷிஃப்ட் முடிகிற நேரத்தில்தான் அமெரிக்காவில் மேட்ச் தொடங்கும் என்பதால் இந்த முறை (2025) வேர்ல்ட் சீரிஸ், அதாவது அமெரிக்க பேஸ்பால் இறுதிச் சுற்று, ஏழு மேட்சையும் காலை 5.30-க்கே உட்கார்ந்து பார்த்துவிட்டேன். டொரண்டோ கடைசி மேட்ச்சில் 11-வது இன்னிங்ஸில் தோற்றது இன்னும் மனசு ஆறவில்லை.

அதில் ட்ரே யெசாவிஜ் என்று ஒரு பிட்சர், அதாவது பந்து எறிபவன். ஐந்தாவது மேட்ச்சில் எதிரணி டாட்ஜர்ஸை அவங்க மைதானத்திலேயே 12 ஸ்ட்ரைக் அவுட் (மூன்று ஸ்ட்ரைக்கில் அவுட்) எடுத்தான், ஒரு வாக் (நாலு தப்புப் பந்துக்கு இலவசமாகக் கிடைக்கிற முதல் தளம்) கூடக் கொடுக்கவில்லை. 22 வயசு. 2024 டிராஃப்டில் (அணிகள் வரிசை போட்டு இளம் ஆட்களைத் தேர்ந்தெடுக்கிற முறை) 20-வது ஆளாக எடுத்தார்களாம். அதாவது போன வருஷம் எடுத்த பையன் இந்த வருஷம் வேர்ல்ட் சீரிஸில்.

இப்போது என் கேள்வி. அதே டொரண்டோ 2023-ல், அதே 20-வது இடத்தில், அர்ஜுன் நிம்மலாவை எடுத்தது. தெலுங்குக் குடும்பத்துப் பையன், அப்பா அம்மா இந்தியாவிலிருந்து போனவர்கள், ஷார்ட்ஸ்டாப் (ரெண்டாம், மூன்றாம் தளங்களுக்கு நடுவே நிற்கிற ஃபீல்டர்) ஆடுகிறான். அன்றைக்கு எங்கள் பக்கத்தில் அவனைப் பற்றிப் பேசாத ஆள் இல்லை. ஆனால் எடுத்து ரெண்டு வருஷத்துக்கு மேல் ஆகியும் 2025 சீசனில் வான்கூவர் என்கிற கீழ் அணியில், ஹை-ஏ என்கிற மட்டத்தில்தான் ஆடினான். என் கூட வேலை செய்கிற நண்பர் "நம்ம பையன் என்பதால் அமுக்கி வைத்திருக்கிறார்கள்" என்கிறார். எனக்கு அது நம்பும்படியாக இல்லை, ஆனால் பதில் சொல்லவும் தெரியவில்லை. ஐபிஎல்லில் ஏலம் எடுத்தால் அடுத்த சீசனே டீமில் இருக்கிறான், ஆடுகிறானோ பெஞ்சில் இருக்கிறானோ அது வேறு. இங்கே முதல் சுற்றில் எடுத்தவனையே ஏன் இத்தனை படி ஏற விடுகிறார்கள்? பையன் தேறமாட்டான் என்று முடிவு செய்துவிட்டார்களா?

இன்னொன்று, என் அக்கா பையனுக்கு 15 வயசு, பள்ளியில் ஈட்டி எறிகிறான், சாஃப்ட்பாலும் ஆடுகிறான், கை நல்ல பலம். இந்த வழியில் நம் ஊரிலிருந்து போக முடியுமா என்றும் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

---

திருத்தணி_சேகர்

தம்பி, அமுக்கவும் இல்லை, கைவிடவும் இல்லை. ரெண்டு பேருக்கும் நம்பர் ஒன்று என்பதைத் தவிர வேறு எதுவும் ஒன்று கிடையாது, அதுதான் விஷயம்.

யெசாவிஜ் ஈஸ்ட் கரோலினா பல்கலைக்கழகத்தில் ஆடிவிட்டு வந்தவன். எடுக்கும்போதே 21-ஐ நெருங்கிவிட்டான். உடம்பு முற்றிய உடம்பு, கையில் ஸ்ப்ளிட்டர் (கடைசி நேரத்தில் கீழே இறங்குகிற பந்து) ஏற்கெனவே இருந்தது. நிம்மலா ஃபுளோரிடாவில் பள்ளிக்கூடம் முடித்த கையோடு வந்தான், டிராஃப்ட் அன்றைக்கு 17 வயசு. 2005 அக்டோபரில் பிறந்தவன். கணக்குப் போட்டுப் பாருங்கள், 2025 சீசன் முழுவதையும் அவன் 19 வயசில் ஆடியிருக்கிறான், எதிரே பந்து போடுகிறவர்களில் பாதிப் பேர் காலேஜ் முடித்து வந்த 22, 23 வயசுக்காரர்கள். யெசாவிஜ் 19 வயசில் எங்கே இருந்தான் என்று கேட்டால், காலேஜில்.

அதனால் மைனர் லீக் (மேஜர் லீக்குக் கீழே உள்ள அணிகள்) ஸ்கோர் பார்க்கும்போது முதலில் ஆவரேஜைப் பார்க்காதீர்கள். எந்த மட்டம், அந்த மட்டத்தில் இவன் வயசு என்ன, இந்த ரெண்டையும் பார்த்துவிட்டு அப்புறம் மற்றதைப் பாருங்கள். ஹை-ஏயில் 24 வயசுக்காரன் 290 ஆவரேஜ் (ஆயிரத்துக்கு 290 ஹிட் என்ற கணக்கு) அடிப்பதைவிட 19 வயசுக்காரன் 230 அடிப்பது பல சமயம் பெரிய விஷயம்.

அடுத்தது பிட்சர், பேட்டர் வித்தியாசம். பந்து பிட்சர் கையில் இருக்கிறது, அவன் நினைத்ததைப் போடுகிறான். நல்ல ஆயுதம் ரெண்டு மூன்று இருந்து, சொன்ன இடத்தில் போட முடிந்தால் அவன் மேலே போவதை யாரும் தடுக்க முடியாது. பேட்டர் அப்படி இல்லை. ஒவ்வொரு படியிலும் புதுப் பந்து, புது வேகம், பந்து கையை விட்டு வரும்போதே இது உள்ளே வருமா தரையில் விழுமா என்று தீர்மானிக்க வேண்டும். அது ஆடி ஆடித்தான் வரும். அதோடு ஷார்ட்ஸ்டாப் என்றால் ஃபீல்டிங்கில் ஆகக் கஷ்டமான இடம், அந்த வேலையும் கூடவே கற்க வேண்டும்.

டொரண்டோவின் ஏணி இது: ஃபுளோரிடாவில் ரூக்கி காம்ப்ளக்ஸ் என்கிற புதியவர்கள் மட்டம், அதற்கு மேல் டனீடின் சிங்கிள்-ஏ, அப்புறம் வான்கூவர் ஹை-ஏ, நியூ ஹாம்ப்ஷயர் டபுள்-ஏ, பஃபலோ டிரிபிள்-ஏ, அதற்கு மேல்தான் டொரண்டோ. காம்ப்ளக்ஸைத் தவிர்த்து 30 மேஜர் லீக் அணிக்கும் இப்படி நாலு நாலு டீம், மொத்தம் 120, 2021-ல் எல்லாவற்றையும் கலைத்துப் போட்டு இப்படி அமைத்தார்கள். யெசாவிஜ் 2025-ல் ஒரே சீசனில் டனீடினில் தொடங்கி நாலு படியும் ஏறி செப்டம்பர் 15-ல் டொரண்டோவுக்கு முதல் மேட்ச் போட்டான். இது ரொம்ப அபூர்வம் தம்பி, இதை அளவுகோலாக வைத்தால் யாருமே தேறமாட்டார்கள். போகிற வழியில் அவன் வான்கூவரில் கொஞ்ச நாள் இருந்தான், அப்போது நிம்மலாவும் அதே டீம். ஒரே டிரெஸ்ஸிங் ரூமில் இருந்தவர்கள்தான்.

நிம்மலா பற்றி உங்கள் நண்பருக்கு ஒன்று சொல்லுங்கள். 2024-ல் டனீடினில் ஆரம்பம் படுமோசம், பந்து மட்டையில் படவே இல்லை. உடனே கீழே காம்ப்ளக்ஸுக்கு அனுப்பி, சில வாரம் ஸ்விங்கைச் சரி பண்ணித் திரும்ப ஏற்றினார்கள், வந்தவன் சிக்ஸர் மாதிரி ஹோம் ரன்னாக அடித்தான். அமுக்க நினைக்கிறவன் இத்தனை மெனக்கெட மாட்டான். 30 லட்சம் டாலர் கொடுத்துக் கையெழுத்து வாங்கிய பையன் அவன், அந்தப் பணத்தை வீணாக்க எந்த டீமுக்கும் மனசு வராது. 2025-லும் முதல் ரெண்டு மாதம் வெளுத்து வாங்கினான், கோடையில் சரிந்தது, ஆனால் ஸ்ட்ரைக் அவுட் முந்தைய வருஷத்தைவிட நன்றாகவே குறைந்தது. எனக்கு அதுதான் முக்கியம். ஆவரேஜ் திரும்பி வரும், பந்தை விட்டுவிடத் தெரியாதவனுக்கு மேலே வேலை இல்லை.

---

குப்பத்து_லதா

சேகர் அண்ணா சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். சீக்கிரம் மேலே அனுப்புவதும் நல்லதில்லை. ஜாக்சன் ஹாலிடே 2022-ல் முதல் பிக், இவனும் பள்ளி முடித்து வந்த ஷார்ட்ஸ்டாப்தான். 2023 ஒரே வருஷத்தில் நாலு மட்டமும் தாண்டினான். 2024 ஏப்ரலில் பால்டிமோர் மேலே கூப்பிட்டது. 34 அட்-பேட்டில் (மட்டை பிடித்த தடவை) 2 ஹிட். மறுபடி டிரிபிள்-ஏக்கு அனுப்பிவிட்டார்கள், ஜூலைக் கடைசியில்தான் திரும்ப வந்தான். நாட்டிலேயே முதல் ஆளாக எடுத்த பையனுக்கே டிரிபிள்-ஏக்கும் மேஜருக்கும் நடுவில் அப்படி ஒரு பள்ளம்.

எனக்கு வருத்தம் வேறு இடத்தில். நாம் பேசுவதெல்லாம் முதல் சுற்றுப் பையன்களைப் பற்றி. டிராஃப்ட் 20 சுற்று, கீழ்ச் சுற்றுகளில் வருகிறவர்களுக்கும் வெளிநாட்டிலிருந்து சில ஆயிரம் டாலருக்கு வருகிறவர்களுக்கும் பல வருஷமாக அரை வயிற்றுச் சம்பளம்தான். ஆடுகிற மாதங்களுக்கு மட்டும் காசு, ஒரு ரூமில் நாலைந்து பேர், சீசன் முடிந்தால் வேறு வேலை தேட வேண்டும். 2022-ல் எல்லோரும் யூனியனில் சேர்ந்த பிறகுதான் 2023-ல் முதல் ஒப்பந்தம் வந்தது. ஹை-ஏயில் வருஷத்துக்கு 11,000 டாலர் என்றிருந்தது 27,300 ஆனது, டிரிபிள்-ஏயில் 35,800. தங்க இடம் டீமே கொடுக்க வேண்டும் என்பது அதற்கு ஒரு வருஷம் முன்பே வந்துவிட்டது. மேலே மேஜரில் 2025-ல் குறைந்தபட்சச் சம்பளமே 7,60,000 டாலர். நடுவில் இருக்கிறது ஒரே ஒரு படி!

ட்ரூ மேகி என்று ஒருவர், 2010-ல் எடுத்தார்கள், 13 வருஷம் மைனர் லீக்கிலேயே ஆயிரம் மேட்ச்சுக்கு மேல் ஆடிவிட்டு 2023 ஏப்ரலில் 33 வயசில் பிட்ஸ்பர்க் டீமுக்கு முதல் தடவை மட்டை பிடித்தார். மைதானமே எழுந்து நின்று கைதட்டியது, அவரால் நடந்து வந்து நிற்கவே முடியவில்லை. அன்றைக்கு ஸ்ட்ரைக் அவுட்தான் ஆனார், ஹிட் சில நாள் கழித்து வந்தது. அந்த வீடியோவை எப்போது பார்த்தாலும் எனக்குக் கண் கலங்கும். நிம்மலாவுக்கு 2025 அக்டோபரில்தான் 20 வயசு ஆனது, அவசரம் எதற்கு.

---

பள்ளிப்பட்டு_பிடி_வாத்தியார்

அக்கா பையன் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள், அதற்கு மட்டும் பதில் சொல்கிறேன். 15 வயசுப் பையன் வாழ்க்கை என்பதால் உள்ளதை உள்ளபடி சொல்ல வேண்டும்.

டிராஃப்ட் நம் பையன்களுக்குக் கிடையாது. அமெரிக்கா, கனடா, புவேர்ட்டோ ரிக்கோவில் இருக்கிறவர்களுக்குத்தான். மற்ற நாட்டுப் பையன்களை டீம்கள் நேரடியாக ஒப்பந்தம் போட்டு எடுக்கும், 16 வயசிலிருந்து எடுக்கலாம், அதற்கான காலம் ஒவ்வொரு வருஷமும் ஜனவரி 15-ல் தொடங்கும். டொமினிக்கன் குடியரசு, வெனிசுவேலா பையன்கள் அந்த வயசுக்கு முன்னாலேயே பல வருஷம் பயிற்சி எடுத்துத் தயாராக நிற்பார்கள். நம் பையன் போட்டி போட வேண்டியது அவர்களோடு.

ஈட்டிக் கை பலன் தராது என்று சொல்லமாட்டேன். 2008-ல் இந்தியா முழுக்க வேகப் பந்து எறியும் போட்டி வைத்துத் தேடினார்கள், அதில் கிடைத்த ரிங்கு சிங், தினேஷ் படேல் ரெண்டு பேருமே உத்தரப்பிரதேசத்து ஈட்டிக்காரர்கள். கிளவுஸ் கூடப் போட்டுப் பார்த்திராதவர்கள், ஒரு வருஷத்துக்குள் பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் ஒப்பந்தம் போட்டது. 2009 ஜூலையில் ரிங்கு ஒரு மேட்ச் ஜெயித்துக் கொடுத்தார், தொழில்முறை பேஸ்பாலில் இந்தியருக்கு அது முதல் வெற்றி. ஆனால் தினேஷை 2010-லேயே விடுவித்துவிட்டார்கள். ரிங்கு சிங்கிள்-ஏ வரை போனார், அதற்குப் பிறகு முழங்கை அறுவை, அதோடு ஏற்றம் நின்றது, கடைசியில் மல்யுத்தத்துக்குப் போய்விட்டார். வேகம் இருந்தது, சின்ன வயசிலிருந்து ஆடி வருகிற அந்தப் பழக்கம் இல்லை. அதை 20 வயசில் தொடங்கிப் பிடிப்பது ரொம்பக் கடினம், அவர்கள் உழைப்பில் ஒரு குறையும் கிடையாது.

என் யோசனை, ஈட்டியை விடாமல் வைத்துக்கொள்ளுங்கள். பள்ளி விளையாட்டுக் கூட்டமைப்புப் போட்டிகளில் பேஸ்பாலும் உண்டு, சாஃப்ட்பாலும் உண்டு, மாவட்டம், மாநிலம் என்று போனால் சான்றிதழ் காலேஜ் சீட்டுக்கு உதவும். ஒன்று மட்டும் கண்டிப்பாகச் செய்யுங்கள். ஈட்டியும் எறிந்து, சாஃப்ட்பாலும் எறிந்து, சாயங்காலம் டென்னிஸ் பந்து பவுலிங்கும் போடுகிறான் என்றால் முழங்கை உள்பக்கம் வலிக்கிறதா என்று கேளுங்கள். எங்கள் பள்ளியில் ஒரு பையன் வலியை மறைத்து மறைத்து ஆடி, கையை நேராக நீட்டவே முடியாமல் வந்து நின்றான். வலி என்றால் அன்றைக்கே நிறுத்த வேண்டும், "பழகிவிடும்" என்று சொல்லக்கூடாது.

---

நகரி_தறிக்காரன்

எல்லோருக்கும் நன்றி. வாத்தியார் ஐயா, பையனிடம் இன்றைக்கே கேட்கிறேன், தோள் வலிக்கிறது என்று போன மாதம் சொன்ன ஞாபகம். சேகர் அண்ணா, நண்பரிடம் நீங்கள் எழுதினதை அப்படியே படித்துக் காட்டினேன். "சரி, அப்போ எத்தனை வருஷம்தான் இப்படியே வைத்திருக்க முடியும், அதற்கு ஒரு கணக்கு இல்லையா?" என்று கேட்கிறார்.

---

திருத்தணி_சேகர்

நல்ல கேள்வி, கணக்கு இருக்கிறது. ஒவ்வொரு டீமுக்கும் 40 பேர் பட்டியல் ஒன்று உண்டு, அதிலிருந்து 26 பேர்தான் மேலே ஆடுவார்கள். 18 வயசுக்குள் கையெழுத்துப் போட்டவனை ஐந்து சீசனுக்குள் அந்த 40-ல் சேர்க்க வேண்டும், 19 அல்லது அதற்கு மேல் என்றால் நாலு சீசன். சேர்க்காவிட்டால் டிசம்பரில் நடக்கிற ரூல் ஃபைவ் டிராஃப்டில் வேறு டீம் 1,00,000 டாலர் கொடுத்து அவனைத் தூக்கிக்கொண்டு போகலாம். ஆனால் தூக்கினவன் அடுத்த சீசன் முழுக்க மேஜர் அணியிலேயே வைத்திருக்க வேண்டும், முடியாவிட்டால் திருப்பித் தர வேண்டும். அதனால் சும்மா யாரும் தூக்கமாட்டார்கள்.

நிம்மலாவுக்கு அந்தக் கெடு 2027 கடைசியில் வருகிறது. அதற்குள் டொரண்டோ முடிவெடுத்தே ஆக வேண்டும். 40-ல் சேர்த்த பிறகும் மூன்று வருஷம் கீழே அனுப்பி மேலே கூப்பிடலாம், அதற்குப் பிறகு மற்ற டீம்களுக்குக் காட்டாமல் கீழே அனுப்ப முடியாது. நடுவில் டிரேடும் நடக்கலாம், நல்ல பிராஸ்பெக்ட் (வளர்ந்து வருகிற நம்பிக்கை ஆள்) என்றால் அந்த ஆபத்து எப்போதும் உண்டு, ஆனால் அது அவமானம் இல்லை.

உங்கள் நண்பர் நம் ரத்தம் ஒருவர் மேலே ஆடிப் பார்க்க வேண்டும் என்றால் குமார் ராக்கரைப் பார்க்கச் சொல்லுங்கள், அம்மா வழியில் இந்திய வம்சம். வாண்டர்பில்ட் பல்கலைக்கழகத்தில் 2019-ல் ஒரே மேட்ச்சில் 19 ஸ்ட்ரைக் அவுட்டோடு நோ-ஹிட்டர் (ஒரு ஹிட் கூடக் கொடுக்காத மேட்ச்) போட்டவர். 2021-ல் நியூயார்க் மெட்ஸ் 10-வது ஆளாக எடுத்துவிட்டு, கையைப் பரிசோதித்துப் பார்த்துப் பயந்து ஒப்பந்தம் போடாமலே விட்டது. எந்த மேஜர் லீக் அணியின் கீழும் வராத தனி லீக்கில் போய் ஆடினார், 2022-ல் டெக்சஸ் 3-வது ஆளாக எடுத்தது. அடுத்த வருஷமே முழங்கை அறுவை. 2024 செப்டம்பரில்தான் மேலே வந்தார். இதையெல்லாம் பார்த்தால் நிம்மலா வழியில் இதுவரை முள் அதிகம் இல்லை.

வருகிற சீசனில் அவன் நியூ ஹாம்ப்ஷயருக்குப் போனால் சந்தோஷப்படுங்கள், டபுள்-ஏதான் உண்மையான சல்லடை, கர்வ் பந்தை எப்போது வேண்டுமானாலும் ஸ்ட்ரைக்காகப் போடத் தெரிந்தவர்கள் அங்கேதான் ஆரம்பிக்கிறார்கள். வாக் எத்தனை, ஸ்ட்ரைக் அவுட் எத்தனை, இந்த ரெண்டு வரிசையை மட்டும் மாதா மாதம் குறித்து வையுங்கள். அங்கே சாயங்காலம் 6.35-க்குத் தொடங்குகிற மேட்ச் என்றால் நமக்கு விடிகாலை 4.05, ஷிஃப்ட் முடிந்து வந்து கடைசிப் பகுதியைப் பார்த்துக்கொள்ளலாம். திங்கட்கிழமை அவர்களுக்கு லீவு, அதனால் செவ்வாய்க்கிழமை காலையில் எழுந்து தேடாதீர்கள்.