தேர்தல் பிரசாரத்தில் சமூக ஊடகம்: குறைந்த பணத்தையும் நேரத்தையும் எதில் செலவிடுவது?

கேள்வி – முதற்களம்

வணக்கம். உள்ளாட்சித் தேர்தலில் சுயேச்சையாகப் போட்டியிடும் ஒருவருக்காக நண்பர்கள் சிலர் சேர்ந்து பணியாற்றி வருகிறோம். கையிருப்பு குறைவு, முழுநேரமாக உழைக்கக்கூடியவர் எவரும் இல்லை. ஃபேஸ்புக்கிலும் இன்ஸ்டாகிராமிலும் கட்டண விளம்பரம் கொடுத்தாலே போதும், வீடு வீடாகச் செல்வதெல்லாம் பழைய காலத்து வழக்கம் என்று எங்களில் பாதிப் பேர் சொல்கிறார்கள். வேட்பாளரின் காணொலி ஒன்றுக்கு லைக்குகள் குவிந்த பிறகு அவர்களின் வாதம் இன்னும் வலுத்துவிட்டது. ஆனால் லைக் இட்டவர்களில் எத்தனை பேருக்கு எங்கள் பகுதியில் வாக்கு இருக்கிறது என்று கேட்டால் ஒருவரிடமும் பதில் இல்லை. சமூக ஊடகத்தால் எது நடக்கும், எது நடக்காது என்பதை விவரம் அறிந்தவர்கள் விளக்கினால் உதவியாக இருக்கும்.

மறுமொழி – எண்ணுநர்

நீங்கள் கடைசியாகக் கேட்டிருப்பதுதான் முதலில் கேட்க வேண்டிய கேள்வி. 2004 அமெரிக்க அதிபர் தேர்தலுக்கான ஜனநாயகக் கட்சி வேட்பாளர் போட்டியில் ஹோவர்ட் டீன் இணையத்தின் வழியே சிறுசிறு நன்கொடைகளாகப் பெரும் தொகை திரட்டினார்; நேரில் சந்திக்க ஆட்களைத் திரட்ட உதவும் மீட்அப் தளத்தின் மூலம் ஊர்தோறும் ஆதரவாளர் கூட்டங்களும் நடந்தன. இருந்தும் முதல் களமான அயோவா மாநிலத்தில் அவர் மூன்றாம் இடத்தையே பிடித்தார்.

மனத்தை மாற்றுவதும், ஏற்கெனவே நம் பக்கம் இருப்பவரை வாக்குச்சாவடிக்கு வரவைப்பதும் வெவ்வேறு வேலைகள். முதலாவது மிகக் கடினம். அரசியல் ஆய்வாளர்களான ஜோஷுவா கல்லாவும் டேவிட் புரூக்மனும் 49 களச் சோதனைகளைத் தொகுத்து 2018-இல் வெளியிட்ட ஆய்வு, அமெரிக்கப் பொதுத் தேர்தல்களில் பிரசாரத் தொடர்பும் விளம்பரமும் வாக்காளரின் தேர்வை மாற்றும் அளவு சராசரியாகப் பூஜ்யத்தை ஒட்டியதே என்று முடிவுகட்டியது. இதில் வீட்டுவாசலில் நின்று பேசுவதும் அடக்கம் என்பதை வாசல்வழிப் பிரசாரத்தை விரும்புபவர்களும் கவனிக்க வேண்டும். கட்சிப் பெயர் வாக்காளருக்கு வழிகாட்டாத உட்கட்சித் தேர்தல்களிலும் (ஒரு கட்சியின் வேட்பாளர் யார் என்று தேர்ந்தெடுப்பவை) பொதுவாக்கெடுப்புகளிலும் விளைவு தென்பட்டது.

இரண்டாவது வேலையில் சமூக ஊடகத்துக்கு இடம் உண்டு. 2010 அமெரிக்க நாடாளுமன்றத் தேர்தல் நாளில் ஏறத்தாழ 6.1 கோடி பயனர்களை உள்ளடக்கி ஃபேஸ்புக் ஒரு சோதனை நடத்தியது. வாக்களிக்குமாறு நினைவூட்டிய வெறும் அறிவிப்பு வாக்குப்பதிவை ஏறக்குறைய அசைக்கவே இல்லை. ஆனால் ‘நான் வாக்களித்தேன்’ என்று குறித்த நண்பர்களின் முகங்களும் சேர்த்துக் காட்டப்பட்டபோது வாக்களித்தோர் எண்ணிக்கை கூடியது. நெருங்கிய நண்பர்கள் வழியாகப் பரவிய தாக்கத்தையும் சேர்த்தால் கூடுதல் வாக்குகள் சுமார் 3,40,000 என்று ஆய்வாளர்கள் கணித்தனர். அதாவது, வேலை செய்தவை தெரிந்த முகங்களே.

மறுமொழி – வாசற்படி

எண்ணுநர் போகிறபோக்கில் சொன்ன விதிவிலக்குதான் கேள்வி கேட்டவருக்கு மிகவும் பொருந்துகிறது. சுயேச்சை வேட்பாளருக்குக் கட்சி முத்திரை கிடையாது. அவர் யார் என்பதே பலருக்குத் தெரியாது. ஆகவே நேரில் போய்ப் பேசுவதால் பலன் கிடைக்க இடமிருக்கிறது. அந்த வேலையை வீணடிக்காமல் செய்வதற்குத் தொழில்நுட்பத்தைப் பயன்படுத்துங்கள்.

களப்பணிச் செயலிகளில் ஒவ்வொரு வாக்காளருக்கும் 1 முதல் 5 வரை ஓர் எண் இடும் வழக்கம் உண்டு: 1 என்றால் உறுதியான ஆதரவு, 5 என்றால் உறுதியான எதிர்ப்பு. தன்னார்வலர் வாசலை விட்டு இறங்கும் முன்பே எண்ணைப் பதிந்துவிட வேண்டும். மாலையில் நினைவிலிருந்து எழுதினால் எல்லாரும் 2 ஆகிவிடுவார்கள், ஏனெனில் சிரித்த முகத்துடன் வழியனுப்பியவரை எதிர்ப்பாளர் என்று குறிக்க யாருக்கும் மனம் வருவதில்லை. அடுத்த சுற்றில் 5-களைத் தொட வேண்டாம், இன்னும் முடிவெடுக்காத 3-களிடம் வேட்பாளரே போகட்டும், வாக்குப்பதிவு நாளன்று 1-களையும் 2-களையும் மட்டும் அழையுங்கள். செயலிக்குப் பணம் இல்லையென்றால் பகிரப்பட்ட விரிதாள் (ஸ்ப்ரெட்ஷீட்) ஒன்றே போதும்.

காணொலியைப் பற்றியும் ஒரு சொல். 2008 தேர்தலுக்கான ஒபாமா பிரசாரக் குழு தன் இணையதளத்தின் முகப்பில் படங்கள், காணொலிகள், பொத்தான் வாசகங்கள் ஆகியவற்றை 24 விதமாகச் சேர்த்து, மூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட வருகையாளர்களிடம் சோதித்துப் பார்த்தது. காணொலிதான் வெல்லும் என்று குழுவினர் நம்பியிருந்தார்கள். எல்லாக் காணொலிகளும் எல்லாப் படங்களுக்கும் பின்தங்கின. குடும்பப் படமும் ‘மேலும் அறிக’ என்ற பொத்தானும் சேர்ந்த பக்கத்தில் பதிவு செய்தோர் விகிதம் 8.26 சதவீதத்திலிருந்து 11.6 சதவீதமாக உயர்ந்தது. உங்கள் நண்பர்களின் ரசனையை நம்பாமல் நீங்களும் இரண்டு வடிவங்களை வைத்து ஒப்பிட்டுப் பாருங்கள்.

மறுமொழி – சட்டப்பக்கம்

விரிதாள் என்றதும் எனக்குக் கவலை வந்துவிட்டது. பெயர், கைப்பேசி எண், யாருக்கு ஆதரவு என்ற விவரம் எல்லாம் ஒரே கோப்பில் இருந்து, அதை யாரோ வாட்ஸ்அப் குழுவில் பகிர்ந்துவிட்டால், அப்புறம் திரும்பப் பெற வழியே இல்லை. கேம்பிரிட்ஜ் அனலிட்டிகா என்ற அரசியல் ஆலோசனை நிறுவனத்துக்கு ஃபேஸ்புக் பயனர் விவரங்கள் போன விவகாரத்தில், அவற்றைத் திரட்டிய செயலியை நிறுவியவர்கள் சில லட்சம் பேர்தான். அவர்களுடைய நண்பர்கள் வழியாக 8.7 கோடிப் பேர் வரை விவரங்கள் கைமாறியிருக்கக்கூடும் என்று ஃபேஸ்புக்கே 2018-இல் ஒப்புக்கொண்டது. உங்கள் கோப்பை இரண்டு பேர் மட்டும் திறக்க முடிவதாக வையுங்கள். தன்னார்வலருக்கு அவரவர் தெருவின் பட்டியல் போதும். தேர்தல் முடிந்ததும் அழித்துவிடுங்கள்.

கட்டண விளம்பரத்தை மட்டும் நம்பித் திட்டமிடுவதிலும் ஆபத்து உண்டு. ட்விட்டர் 2019-இல் அரசியல் விளம்பரங்களை உலகெங்கும் நிறுத்தியது. ஐரோப்பிய ஒன்றியத்தில் அரசியல் விளம்பரங்களுக்கான புதிய வெளிப்படைத்தன்மை விதிகள் 2025 அக்டோபரில் நடைமுறைக்கு வந்தபோது கூகுளும் ஃபேஸ்புக்கின் தாய் நிறுவனமான மெட்டாவும் அங்கே அத்தகைய விளம்பரங்களையே அடியோடு கைவிட்டன. விளம்பரம் கொடுப்பதானால் செலவுக் கணக்கில் காட்டுவது, பணம் கொடுத்தவர் பெயரைக் குறிப்பிடுவது, பிரசாரம் ஓயும் நேரத்துக்குப் பின் நிறுத்துவது ஆகியவற்றுக்கு உங்கள் தேர்தல் ஆணையத்தின் விதிகளை முன்கூட்டியே படித்துவிடுங்கள்.

மறுமொழி – முதற்களம்

மூவருக்கும் நன்றி. விளம்பரத்துக்கென ஒதுக்கியதில் பெரும்பகுதியைத் தெருவாரியான பட்டியல் தயாரிக்கத் திருப்பிவிடலாம் என்று இன்று பேசி முடிவெடுத்தோம். எதிர்த்தரப்பிலிருந்து எங்கள் வேட்பாளரின் குரலைப் போலியாக உருவாக்கிப் பரப்பினால் என்ன செய்வது என்று ஒருவர் கேட்டார்.

மறுமொழி – சட்டப்பக்கம்

வீண் பயம் அன்று. 2024 ஜனவரியில் அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயர் மாநில வாக்காளர்களுக்கு, உட்கட்சித் தேர்தலில் வாக்களிக்க வேண்டாம் என்று அப்போதைய அதிபர் பைடனின் போலிக் குரலில் தானியங்கி அழைப்புகள் போயின. ஏற்பாடு செய்த ஆலோசகருக்கு 60 லட்சம் டாலர் அபராதம் விதிக்கப்பட்டது. அபராதம் வருவதற்குள் தேர்தல் முடிந்துவிடும் என்பதால், வேட்பாளரின் அதிகாரபூர்வமான எண்ணும் பக்கமும் எவை என்பதை உங்கள் துண்டறிக்கையிலேயே இப்போதே அச்சிட்டுவிடுங்கள். போலி வந்தால் அதை மீண்டும் பகிராமல், மறுப்பை அந்தப் பக்கத்தில் வேட்பாளரே பேசி வெளியிடட்டும். 1-கள் எனக் குறித்த ஆதரவாளர்கள் தங்கள் உறவினர், நண்பர் குழுக்களில் அதைக் கொண்டுசேர்ப்பார்கள்.