கொழுப்பைக் குறிக்கும் சொல்லடிகள்: எது எங்கே வரும்?

கேள்வி (மல்லாவி):
உயர்தர உயிரியலில் லிப்போ, அடிப்போ, ஸ்டியாட்டோ மூன்றுமே கொழுப்பு எண்டுதான் கிடக்கு. எதை எங்கே போடுறது? கொலஸ்திரோலும் ஸ்டியாட்டோ வழியில வந்ததோ?

பதில் (கிளிநொச்சி):
தங்கச்சி, லிப்போ கிரேக்கம். பொருளையும் அதன் இரசாயனத்தையும் சொல்லேக்க வரும்: இலிப்பிட்டு, லிப்பேஸ் (கொழுப்பை உடைக்கிற நொதியம்). அடிப்போ இலத்தீன் ‘அடெப்ஸ்’. இழையத்துக்கும் கலத்துக்கும் உரியது. நுணுக்குக்காட்டியில் வெண்கொழுப்புக் கலத்தைப் பாருங்கோ: ஒரே பெரிய துளி, கரு ஓரத்தில் தட்டையாய் ஒதுங்கியிருக்கும். அதுதான் அடிப்போசைற்.

பதில் (முள்ளியவளை):
ஸ்டியாட்டோ கிரேக்க ‘ஸ்டியர்’, கட்டிக்கொழுப்பு. 18 காபன் உள்ள ஸ்டியரிக் அமிலம் 69 பாகை செல்சியஸ் அளவில்தான் உருகும். வன்னி வெயிலுக்கும் கட்டிதான். ஈரலில் கொழுப்புத் தேங்கினால் ஸ்டியாட்டோசிஸ், மலத்தோடு போனால் ஸ்டியாட்டோரியா.

கொலஸ்திரோல் அந்த வழியில்லை, கனபேர் பிழைவிடுற இடம். ‘கோலே’ பித்தம், ‘ஸ்டீரியோஸ்’ திண்மம். முதலில் பித்தக்கல்லில் கண்டது. கடைசி ‘ஓல்’ ஐதரொட்சில் (OH) கூட்டம் இருக்கு எண்டு சொல்லுது.

பதில் (கிளிநொச்சி):
ஓம், சரி. புதுச்சொல்லைப் பின்னாலிருந்து பிரியுங்கோ: ‘ஓமா’ உடம்பில வளர்ற கட்டி, ‘ஏமியா’ குருதி. லிப்போமா, லிப்பேமியா ரெண்டும் உடனே விளங்கும்.