அம்மாவின் வரி இலக்கம்: ஓடிபி கடைக்காரரின் தொலைபேசிக்குப் போகிறது

உப்புவெளி வாசி:
வணக்கம். இலங்கையில் 2025 ஏப்ரல் முதல் நிலையான வைப்பு வட்டியில் 10 வீதம் வரி பிடிக்கப்படுவதால், ஆண்டு வருமானம் 18 இலட்சம் ரூபாவைத் தாண்டாத அம்மா, அந்த வரியைப் பிடிக்க வேண்டாமென்று வங்கிக்குச் சுயபிரகடனம் கொடுக்க விரும்பினார். அதற்கு 'டின்' எனப்படும் வரி செலுத்துநர் அடையாள இலக்கம் வேண்டுமாம். அவரிடம் இருப்பது பழைய ஒன்பது இலக்க அடையாள அட்டை. முன்னால் 19ஐயும் கடைசியில் ஒரு பூச்சியத்தையும் சேர்த்து நான் வீட்டிலிருந்து பதிந்தபோது படிவம் ஏற்கவில்லை. பின்னர் நகரிலுள்ள கொமினிகேஷன் கடையொன்றில் பத்தே நிமிடத்தில் பதிந்து தந்தார்கள். ஆனால் கடைக்காரர் தமது தொலைபேசி இலக்கத்தையும் மின்னஞ்சலையுமே கொடுத்திருக்கிறார் என்பது இப்போதுதான் தெரிகிறது. எங்கே தவறினேன், எப்படித் திருத்துவது?

ஓய்வுபெற்ற எழுதுவினைஞர்:
பூச்சியம் கடைசியில் வராது. பழைய இலக்கத்தில் முதல் இரண்டு பிறந்த ஆண்டு, அடுத்த மூன்று ஆண்டின் எத்தனையாவது நாள் என்பது, பின்னர் மூன்று தொடரிலக்கம், இறுதியில் ஒரு சரிபார்ப்பு இலக்கம். முன்னால் 19 சேர்த்து, நாளைக் குறிக்கும் மூன்று இலக்கங்களுக்கு அடுத்ததாக 0 இட்டு, கடைசி ஆங்கில எழுத்தை விட்டுவிட்டால் 2016இல் வந்த பன்னிரண்டு இலக்க வடிவம் கிடைக்கும். பெண்களுக்கு நாளோடு 500 கூட்டப்படும். பெப்ரவரிக்கு எந்த ஆண்டிலும் 29 நாள் கணக்கு. ஆகவே 1962 மார்ச் 10இல் பிறந்த பெண்ணின் அட்டை 62570 என்று தொடங்கும், புதிய வடிவில் 19625700 என்று வரும். இன்னொன்று: இலக்கத்தைப் பொதுவெளியில் எழுதாதீர்கள். பிறந்த நாளும் ஆணா பெண்ணா என்பதும் அதிலேயே அடங்கியிருக்கின்றன.

கிண்ணியா ஆசிரியை:
இலக்கப் பிழை சிறியது. எனக்குக் கவலை தருவது கடைதான். இணையத்தில் நம்மை நாமே என்று நிறுவுவது பெரும்பாலும் பதிவில் கொடுத்த தொலைபேசிக்கு வரும் ஓடிபி என்ற ஒருமுறைக் கடவெண்தான் என்பதால், கடவுச்சொல்லை மாற்றும் வல்லமை இப்போது கடைக்காரரிடம் இருக்கிறது. அவர் நல்லவராகவே இருக்கலாம், ஆனால் கடையை மூடிவிட்டால் யாரிடம் போவீர்கள்? முதலில் அம்மாவின் பெயரிலேயே ஒரு சிம் எடுத்து, அவருக்கென்று மின்னஞ்சல் தொடங்குங்கள். பிறகு உள்நாட்டு இறைவரித் திணைக்களத்தின் 1944ஐ அழைத்து, பதிவிலுள்ள தொடர்பு விபரங்களை மாற்ற எந்தெந்த ஆவணம் வேண்டும் என்று கேளுங்கள். ஒருவருக்கு ஒரே டின்தான் என்பதால் இரண்டாவது முறை பதிய முயல வேண்டாம்.

மூதூர்க்காரன்:
பெயரையும் பார்த்துக்கொள்ளுங்கள். பழைய அட்டையில் பெயர் ஆங்கிலத்தில் இல்லாததால் ஆங்கிலப் பெயர் அவரவர் கையில் பிறந்ததாகிவிடுகிறது. 'த' என்ற எழுத்துக்கு ஒருவர் 'டீ' மட்டும் போடுவார், மற்றவர் 'எச்' சேர்ப்பார். (நமது ஊரின் ஆங்கிலப் பெயரான 'ட்ரிங்கோமலி'யைப் பார்த்துத் திருகோணமலை என்று எவராவது வாசிப்பாரா?) கடைக்காரர் தம் காதில் விழுந்தபடி எழுதியிருந்தால், வங்கிப் புத்தகத்திலுள்ள பெயரும் டின் பதிவிலுள்ள பெயரும் ஒத்துப்போகாமல் சுயபிரகடனம் திரும்பி வரக்கூடும். தொடர்பு விபரம் மாற்றும்போதே இதையும் சேர்த்துத் திருத்திவிடுவது அலைச்சலைக் குறைக்கும்.

உப்புவெளி வாசி:
மூவருக்கும் நன்றி. பூச்சியத்தை உரிய இடத்தில் இட்டுப் பார்த்தேன். கடைக்காரர் தந்த தாளிலுள்ள பன்னிரண்டு இலக்கத்துடன் அப்படியே பொருந்துகிறது. அதே தாளில் அம்மாவின் பெயரில் ஓர் 'எச்' கூடுதலாக இருக்கிறது. சிம் எடுக்க நாளை அம்மாவையே அழைத்துச் செல்கிறேன்.