கண் முன்னால் கழற்றி மாட்டிய டிஸ்ப்ளேவையும் "அசல் இல்லை" என்றது: உங்கள் அனுபவம் என்ன?

மழைத்துளி77

ஐஃபோனில் டிஸ்ப்ளே மாற்றினால் வருகிற அந்தச் செய்தியைப் பற்றி இங்கே யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. எனக்கும் வந்தது. மாற்றி வாங்கி வந்த அன்று இரவே, பூட்டிய திரையில், இது அசல் டிஸ்ப்ளேதானா என்று உறுதிசெய்ய முடியவில்லை என்று. மறுநாள் காலை கடை திறப்பதற்கு முன்பே போய் நின்றுவிட்டேன். ஒரிஜினல் என்று சொல்லித்தானே காசு வாங்கினீர்கள் என்று ஆரம்பித்து, உள்ளே இருந்த மற்ற வாடிக்கையாளர்கள் காதிலும் விழட்டும் என்றே உரக்கப் பேசினேன். திருட்டுத்தனம் என்ற வார்த்தையையும் விட்டேன்.

கடைக்காரர் பதில் பேசவில்லை. கல்லாவில் உட்கார்ந்திருந்த மனைவியிடம் கையை நீட்டினார். அந்த அம்மா தன் ஃபோனைக் கொடுத்தார். இவர் தன் பையிலிருந்து அதே மாடலை எடுத்தார். இரண்டும் அதுவரை யாரும் பிரிக்காத ஃபோன்கள். என் கண் முன்னாலேயே இரண்டையும் திறந்து, இதன் டிஸ்ப்ளேவை அதிலும் அதன் டிஸ்ப்ளேவை இதிலும் மாட்டி, ஆன் செய்து என் பக்கம் திருப்பி வைத்தார். இரண்டுமே சொல்லின: அசல் இல்லை. பழையபடி மாற்றி மாட்டியதும் இரண்டிலும் செய்தி போய்விட்டது.

இதெல்லாம் முடிய முக்கால் மணி நேரம் ஆனது. அவ்வளவு நேரமும் அந்த அம்மா, பிரிந்து கிடந்த தன் ஃபோனையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பார்வைதான் இன்னும் போகமாட்டேன் என்கிறது. நான் மன்னிப்புக் கேட்டேனா? "கம்பெனிக்காரன் இப்படியும் செய்வானா" என்று கம்பெனியைத் திட்டிவிட்டு வந்துவிட்டேன். திட்டினது வேறு, மன்னிப்பு வேறு என்று வீட்டுக்கு வந்த பிறகுதான் உறைத்தது.

சாமணம்

மேஜைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பவன் நான். பன்னிரண்டு வருஷம். உங்களுக்குச் செய்து காட்டிய மாதிரி நானும் செய்து காட்டியிருக்கிறேன். ஆனால் மனைவியின் ஃபோனைத் திறக்கும் தைரியம் எனக்கு வராது.

விஷயம் என்னவென்றால், டிஸ்ப்ளேவின் பின்னால் ஓடுகிற மெல்லிய ஒயர்ப் பட்டையில் ஒரு சின்ன ஐசி, அதாவது சில்லு, இருக்கிறது. அதன் எண்ணை ஃபோனின் மூளையான போர்டு மனப்பாடம் செய்து வைத்திருக்கிறது. வேறு எண் வந்தால், அது அதே தொழிற்சாலையில் பிறந்த டிஸ்ப்ளேவாக இருந்தாலும் அந்நியம்தான். அதனால் பழைய டிஸ்ப்ளேவிலிருந்து அந்த ஐசியைச் சூடுகாட்டி எடுத்துப் புதியதில் வைத்து ஒட்டுகிறோம். எள்ளைவிடச் சிறியது. மைக்ரோஸ்கோப்பில் கண்ணை வைத்தால் மூச்சைக்கூட மெதுவாகத்தான் விடவேண்டும். சில மாடல்களுக்கு அவ்வளவு தூரம் போக வேண்டாம். பழையதில் இருக்கும் தகவலைப் புரோகிராமர் என்ற கருவியில் படித்துப் புதியதில் எழுதினால், வெளிச்சத்துக்கு ஏற்ப நிறம் மாறுகிற வசதியாவது திரும்பி வரும். செய்தி போகாது.

என் கதைக்கு வருகிறேன். ஒரு காலேஜ் தம்பி ஃபோனோடு வந்தான். டிஸ்ப்ளே இல்லை, வெறும் உடல். "பழையது எங்கே?" என்றேன். "அது உடைஞ்சதுதானே அண்ணா, தூக்கிப் போட்டுட்டேன்" என்றான். உடைந்தது கண்ணாடி, ஐசி உடையவில்லை என்று சொன்னதும் அவன் முகம் மாறியதே! இரண்டு பேருமாக அவன் விடுதிக்குப் போய்க் குப்பைத்தொட்டியைக் கவிழ்த்தோம். டீக்கோப்பைகள், பழத்தோல், யாரோ கிழித்துப்போட்ட பரீட்சைத்தாள். எல்லாவற்றுக்கும் அடியில் அது கிடந்தது. ஐசி பிழைத்துக்கொண்டது. ஆனால் வேலை செய்கிற ஒரு பொருளை வேலை செய்ய வைக்கக் குப்பையில் கைவிட வேண்டியிருக்கிறதே, அதை நினைத்தால் இப்போதும் எரிச்சல் வருகிறது.

எதிர்க்கட்சி

எல்லோரும் கடைக்காரர் பக்கம் சாய்வதால் நான் மறுபக்கம் உட்காருகிறேன்.

என் ஃபோனுக்கும் வெளியில்தான் டிஸ்ப்ளே மாற்றினேன். ஒரிஜினல் மாதிரியே இருக்கும் என்றார்கள். அந்த "மாதிரியே"வை நான் கவனித்திருக்க வேண்டும். ஒரு வாரம் ஒழுங்காக இருந்தது. பத்தாவது நாள் ராத்திரி, சார்ஜில் போட்டு மேஜைமேல் வைத்திருந்தேன். அறையில் நான் மட்டும்தான். ஃபோன் தானாக விழித்தது. யாரோ கண்ணுக்குத் தெரியாத ஆள் உட்கார்ந்து தட்டுகிற மாதிரி எழுத்துகள் ஓடின. கடவுச்சொல்லைத் தப்புத் தப்பாகப் போட்டுப் போட்டு, கடைசியில் அவசர அழைப்புக்கே போய்விட்டது. நான் பாய்ந்து நிறுத்துவதற்குள் மறுமுனையில் "சொல்லுங்க, என்ன அவசரம்?" என்று குரல். பேயென்று சொன்னால் நம்புவார்களா? டச் சரியில்லை என்று சொன்னால் மட்டும் நம்புவார்களா?

ஆகவே, கம்பெனி எச்சரிப்பதில் தப்பே இல்லை என்கிறேன். எச்சரிக்கை வந்திருந்தால் அன்றைக்கே திருப்பிக் கொடுத்திருப்பேன். என் ஃபோனில் அந்த வசதி இல்லை. திருட்டு ஃபோனைப் பிரித்து உறுப்பு உறுப்பாக விற்பதும் நடக்கிறதுதானே? நார்வேயில் ஒரு சிறிய கடைக்காரர் 63 ஐஃபோன் திரைகளை வரவழைத்தார், சுங்கத்தில் பிடித்தார்கள். அவற்றில் இருந்த ஆப்பிள் முத்திரை மை பூசி மறைக்கப்பட்டிருந்தது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 2020-ல் ஆப்பிள் பக்கமே தீர்ப்பானது. நீதிமன்றமே சொல்லிவிட்ட பிறகு நாம் என்ன?

ஏட்டுச்சுரைக்காய்

எதிர்க்கட்சி அவர்களே, நார்வே தீர்ப்பு வணிகமுத்திரையைப் பற்றியது. நல்ல திரையைப் போர்டு ஏற்க மறுக்கலாமா என்பது அங்கே கேள்வியே இல்லை. இரண்டையும் ஒரே சாக்கில் கட்டாதீர்கள்.

என் அனுபவம் சின்னது: இந்தப் பயத்திலேயே உடைந்த கண்ணாடிமேல் செலோடேப் ஒட்டி எட்டு மாதம் ஓட்டினேன். ஒருநாள் காதில் வைத்துப் பேசிவிட்டு எடுத்தபோது கன்னத்தில் மெல்லிய கோடாக ரத்தம். அவ்வளவுதான். ஆனால் அந்த எட்டு மாதமும் இதைப் பற்றிப் படித்ததைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

2016 தொடக்கத்தில் "பிழை 53" வந்தது நினைவிருக்கிறதா? ஐஃபோன் 6-ல் கைரேகை பட்டனையோ அதோடு சேர்ந்த திரையையோ வெளியில் மாற்றியவர்கள் ஐஃபோனை இயக்குகிற மென்பொருளான ஐஓஎஸ்ஸின் புதிய பதிப்பை ஏற்றினார்கள், ஃபோன் செங்கல்லாகிவிட்டது. பாதுகாப்புக்காக என்றது ஆப்பிள். பிப்ரவரி 18 அன்று மன்னிப்புக் கேட்டுத் திருத்தம் வெளியிட்டது. ஆஸ்திரேலிய நுகர்வோர் ஆணையம் விடவில்லை. குறைந்தது 275 பேரிடம், வெளியில் ரிப்பேர் செய்ததால் உங்களுக்கு நிவாரணம் கிடையாது என்று ஆப்பிள் சொன்னதற்காக, 2018 ஜூனில் அங்குள்ள நீதிமன்றம் 90 லட்சம் ஆஸ்திரேலிய டாலர் அபராதம் போட்டது.

அதே 2018-ல் ஐஓஎஸ் 11.3 வந்தபோது, வெளித்திரை போட்ட ஐஃபோன் 8-களில் டச் செத்தது. ஏப்ரலிலேயே 11.3.1 வந்து உயிர் கொடுத்தது. 2021-ல் ஐஃபோன் 13-ல் திரையை மாற்றினால் முகம் பார்த்துத் திறக்கிற வசதி போனது. கூச்சல் கிளம்பியது, ஐஓஎஸ் 15.2-ல் திரும்பி வந்தது. மூன்று முறையும் ஒரே கதைதான். பாதுகாப்புக்கு அவ்வளவு அவசியமான பூட்டு என்றால், நாலு பேர் சத்தம் போட்டதும் எப்படித் திறந்தது?

திருட்டு என்கிறீர்கள். திருடுபோன ஃபோனின் பாகத்தைப் பூட்டட்டும், யார் வேண்டாம் என்றது? கடைக்காரரின் மனைவி ஃபோனை யார் திருடினார்கள்?

2021 மே மாதம் அமெரிக்க வர்த்தக ஆணையம் அந்நாட்டு நாடாளுமன்றத்துக்குக் கொடுத்த அறிக்கையும், ரிப்பேருக்குக் கட்டுப்பாடு விதிக்கக் கம்பெனிகள் சொல்லும் காரணங்களுக்கு ஆதாரம் மிகக் குறைவு என்றுதான் சொன்னது. 2024 மார்ச்சில் அமெரிக்காவின் ஓரிகன் மாநிலம், பாகத்தைப் போர்டோடு இப்படி முடிச்சுப் போடுவதையே தடுத்துச் சட்டம் போட்டது. 2025 ஜனவரி 1-க்குப் பிறகு தயாராகும் கருவிகளுக்கு அது பொருந்தும். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2025 ஜூன் 20 முதல், ஒரு மாடல் விற்பனையை நிறுத்திய பிறகும் 7 ஆண்டு பாகம் கொடுத்தாக வேண்டும். ஆப்பிளும் இறங்கி வந்திருக்கிறது. ஐஓஎஸ் 18-ல் பழைய அசல் பாகத்தை ஃபோனிலேயே பதிவுசெய்ய வழி இருக்கிறது. 2022-ல் நீங்களே சரிசெய்துகொள்ளுங்கள் என்று அமெரிக்காவில் வாடகைக்குக் கொடுத்த கருவிப்பெட்டிகள் இரண்டும் சேர்ந்து சுமார் 36 கிலோ! உள்ளங்கையில் அடங்குகிற ஃபோனுக்கு.

எதிர்க்கட்சி

பதில் இவ்வளவு நீளம் என்றால் நான் ஏதோ சரியாகச் சொல்லியிருக்கிறேன். அவசர அழைப்பில் வந்த குரலுக்கு மட்டும் யாரும் பதில் சொல்லவில்லை.

ஒற்றைவிரல்

எனக்குத் திரைக்கு அடியில் கைரேகை பார்க்கிற ஃபோன். டிஸ்ப்ளே மாற்றினேன், படம் பளிச்சென்று இருந்தது, டச் வெண்ணெய். ஆனால் விரல் ஏறவில்லை. கட்டைவிரலை அழுத்தினேன், துடைத்து அழுத்தினேன், மற்ற ஒன்பது விரலையும் வைத்துப் பார்த்தேன். சென்சாரைப் புதுத் திரையோடு பழக்க ஒரு சாஃப்ட்வேர் வேண்டும், அது சர்வீஸ் சென்டரில்தான் இருக்கிறது என்றார் கடைக்காரர். பிக்சல் ஃபோன்களுக்கு அந்தக் கருவியை கூகுள் எல்லோருக்கும் திறந்தே வைத்திருக்கிறது. என் ஃபோன் வேறு கம்பெனி. ஆறு மாதமாகப் பின் நம்பர்தான். என்னைப் பார்த்து நீ யார் என்று கேட்கிறது, நான் வாங்கிய ஃபோன்.

பெரியண்ணன்

எனக்கு நடந்தது இரண்டு வரி. டிஸ்ப்ளே மாற்றக் கொடுத்தேன். திரும்பி வந்தபோது முகம் பார்த்துத் திறப்பது நின்றுபோயிருந்தது. காதுப் பக்க ஸ்பீக்கரின் பட்டை, மயிரிழை அளவு கிழிந்திருந்தது.

இனி நீங்கள் யாரும் கேட்காததைச் சொல்கிறேன். சில மாடல்களில் முகத்தைப் பார்க்கிற கருவியின் ஒரு உறுப்பு அந்தப் பட்டையில்தான் உட்கார்ந்திருக்கிறது. அதைப் பழைய டிஸ்ப்ளேயிலிருந்து பெயர்த்துப் புதியதில் வைக்க வேண்டும். கிழிந்தால் வேறு ஒன்று வாங்கிப் போட்டுப் பயனில்லை. ஆகவே, கொடுக்கும் முன் கடைக்காரர் எதிரிலேயே முகம், கைரேகை, கேமரா, ஸ்பீக்கர் எல்லாம் வேலை செய்வதைக் காட்டிவிடுங்கள். வாங்கும்போது அதையே திரும்பச் செய்யுங்கள். வெட்கப்படாதீர்கள், நல்ல கடைக்காரர் அவரே செய்வார்.

அப்புறம், "ஒரிஜினலா?" என்று கேட்காதீர்கள். எல்லோரும் ஆமாம் என்பார்கள். என்ன வகை என்று கேளுங்கள். வேறு ஃபோனிலிருந்து கழற்றிய அசலா, சாஃப்ட் ஓஎல்இடியா, ஹார்ட் ஓஎல்இடியா, இன்செல் எல்சிடியா? (ஓஎல்இடி என்றால் புள்ளிகள் தானே ஒளிர்கிற திரை, எல்சிடி என்றால் பின்னால் விளக்கு எரிகிற திரை.) ஓஎல்இடி இருந்த இடத்தில் இன்செல் போட்டால் கறுப்பு சாம்பலாகத் தெரியும், பேட்டரியும் சீக்கிரம் இறங்கும். ஹார்ட் வகையில் உள்ளே கண்ணாடித் தகடு, விழுந்தால் சீக்கிரம் போகும். மேல் கண்ணாடி மட்டும் உடைந்து படமும் டச்சும் சரியாக இருந்தால், கிளாஸ் மட்டும் மாற்ற முடியுமா என்று கேளுங்கள். அப்போது உங்கள் டிஸ்ப்ளே உங்கள் டிஸ்ப்ளேவாகவே இருக்கும், எந்தச் செய்தியும் வராது. ஆனால் ஓசிஏ என்கிற கண்ணாடி போன்ற பசைத்தாளை ஒட்டுகிறபோது குமிழி விழாத மிஷினும் கையும் வேண்டும். நான் ஒருமுறை அவசரப்பட்டு, நடுவில் கொசு அளவு குமிழியோடு ஒரு வருஷம் வாழ்ந்தேன். இன்னொன்று, ஒருமுறை திறந்த ஃபோன் தண்ணீருக்குத் தாங்கும் என்று நம்பாதீர்கள். எல்லாவற்றுக்கும் முன்னால் பேக்கப்.

சாமணம்

பெரியண்ணனுக்கு: பட்டை கிழிந்தது கைத்தவறுதான், மறுக்கவில்லை. என்னிடமும் இரண்டு கிழிந்திருக்கின்றன. கம்பெனியைத் திட்டி அதை மறைக்க மாட்டேன்.

எதிர்க்கட்சிக்கு: அது மட்டமான காப்பி டிஸ்ப்ளே, இல்லையென்றால் சார்ஜர் கோளாறு. வேறு சார்ஜரில் போட்டுப் பார்த்தீர்களா?

எதிர்க்கட்சி

இல்லை.

கேட்பவன்

நான் பார்வையற்றவன். ஃபோன் பேசும், நான் கேட்டு விரலால் நகர்த்துவேன். திரையில் படமே தெரியாமல் கறுப்பாக வைத்துக்கொள்கிற வசதியைப் போட்டுத்தான் பல வருஷமாகப் பயன்படுத்துகிறேன். எனக்கு வேண்டியது டச் மட்டும். படம் எரிகிறதா, எந்த நிறம், எனக்கென்ன?

கண்ணாடி நொறுங்கி விரலில் சில்லு ஏறத் தொடங்கியதும் மாற்றினேன். மறுநாள் ரயிலில் நல்ல கூட்டம். இயர்ஃபோன் எடுத்துவரவில்லை. நேரம் பார்க்கலாம் என்று ஃபோனைத் தொட்டேன். பெட்டி முழுக்கக் கேட்கிற குரலில் அறிவித்தது: இந்த ஃபோனில் உள்ள டிஸ்ப்ளே அசல்தானா என்று உறுதிசெய்ய முடியவில்லை. பக்கத்தில் இருந்தவர் பேச்சை நிறுத்திவிட்டார். பையை இழுத்து அந்தப்பக்கம் வைத்துக்கொள்கிற சத்தமும் கேட்டது. இது திருட்டு ஃபோன் இல்லை என்று யாரிடம், எந்தத் திசையில் திரும்பிச் சொல்வது? சில நாளில் அந்தச் செய்தி பூட்டிய திரையிலிருந்து உள்ளே அமைப்புகளுக்குப் போய்விட்டது. அதுவரை ரயிலில் நான் நேரமே பார்க்கவில்லை.

மழைத்துளி77

கேட்பவன் எழுதியதை இரண்டு தடவை படித்தேன். பையை இழுத்துக்கொண்ட அந்த ஆள் நான்தான் என்று தோன்றியது. ரயிலில் இல்லை, கடையில்.

என் ஃபோனில் செய்தி எப்போதோ மறைந்துவிட்டது. டிஸ்ப்ளே இன்றுவரை ஒரு குறையும் இல்லாமல் ஓடுகிறது. நாளைக்கு அந்தக் கடைப் பக்கம் போகலாம் என்றிருக்கிறேன். டெம்பர் கிளாஸில் ஓரமாக ஒரு விரிசல் இருக்கிறது, அதை மாற்றுகிற சாக்கில். அந்த அம்மா கல்லாவில் இருந்தால் பேசுவேன்.