சுவர் கான்கிரீட்டில் ஷட்டர் (இறுகும்வரை பிடித்து நிற்கும் அச்சுப் பலகை) விரிந்த அனுபவம் உண்டா? என்னுடையதைச் சொல்கிறேன்

கோவைப் பக்கம் ஓர் அபார்ட்மென்ட். தரைக்குக் கீழே மண்ணைத் தாங்கும் சுவர்: 12 மீட்டர் நீளம், 3 மீட்டர் உயரம், 20 செ.மீ. கனம். சைட் வேலைக்கு வந்து எனக்கு அது இரண்டாவது வருடம்.

ஸ்லாபுக்கு அடிப்பது போலத்தான் இதுவும் என்று நினைத்திருந்தேன். ஸ்லாபில் முட்டு தாங்கினால் போதும். சுவரில் இறுகாத கான்கிரீட் தண்ணீர் மாதிரி பக்கவாட்டில் தள்ளும். கன மீட்டருக்கு 2,400 கிலோ. 3 மீட்டரும் இளகியபடி நின்றால் அடியில் ஒரு சதுர மீட்டர் பலகைமேல் 7 டன்னுக்கு மேல் வரும். நானோ டை ராடை (இரண்டு பக்கப் பலகையையும் விலகாமல் இழுத்துப் பிடிக்கும் கம்பி) மேலும் கீழும் ஒரே மாதிரி ஒரு மீட்டர் இடைவெளியில் போடச் சொல்லியிருந்தேன். சாதாரண 12 மி.மீ. இரும்புக் கம்பி 3 டன்னைத் தொடுவதற்குள்ளேயே நீள ஆரம்பித்துவிடும்.

சென்ட்ரிங் மேஸ்திரி கேட்கவும் செய்தார். “சார், அடி ரெண்டு வரிசையை மட்டும் நெருக்கிக்கலாமா?” “இதுவே போதும்ண்ணே” என்றேன். அந்தப் பதில் இன்றைக்கும் உறுத்துகிறது.

கீழே போட்டது இறுக நேரம் கிடைக்கட்டும் என்று மணிக்கு ஒரு மீட்டர் உயரம் ஏற்றுவதாகத் திட்டம். ஆனால் மொத்தமே 7.2 கன மீட்டர்தான், ஒன்றேகால் லாரி. முதல் லாரி தாமதமாக வந்தது, அடுத்தது அதன் வாலைப் பிடித்தபடியே வந்து நின்றது. பம்பு நிற்காமல் தள்ளியது. இருபது நிமிடத்தில் இரண்டு மீட்டர் தாண்டிவிட்டோம்.

முதலில் மூட்டில் சிமென்ட் பால் கசிந்தது. அப்புறம் ஆப்புகள் முனகின. பலகைக்கு வெளியே காலையில் ஐந்து செ.மீ. தள்ளி நூல் கட்டியிருந்தோம். ஓடிப் போய்ப் பார்த்தால் சுவரின் நடுப்பகுதியில் நூலுக்கும் பலகைக்கும் இடையே ஒரு விரல் கூட நுழையவில்லை. மேஸ்திரிதான் “பம்ப நிறுத்து!” என்று கத்தி, ஆட்களை விலக்கினார். யாருக்கும் அடி இல்லை. சுவர் மட்டும் நான்கு செ.மீ. தொப்பை போட்டு நின்றது. கொத்தி எடுக்க மூன்று நாள் ஆனது.

இப்போதெல்லாம் பலகை எண்ணுவதற்கு முன்பே லாரி நேரத்தைப் பேசிவிடுகிறேன். ஒரு லாரிக்கும் அடுத்ததற்கும் இடைவெளி விட்டு, சுவர் நெடுக அரை மீட்டர் அடுக்காகப் போடுகிறோம். அடி வரிசைகளில் டை 50 செ.மீ.க்கு ஒன்று. கான்கிரீட்டை அதிர வைத்துக் கெட்டிப்படுத்தும் வைப்ரேட்டர் ஊசி முந்தின அடுக்குக்குள் ஒரு சாண் இறங்கினால் போதும். அடிவரை விட்டால் இறுக ஆரம்பித்ததும் மறுபடி இளகித் தள்ளும். இன்னொன்று, பலகையின் அடியில் ஒரு சின்ன ஜன்னல் விடுங்கள். கட்டுக்கம்பித் துண்டு, மரத்தூள், டீ கப் எல்லாம் அங்கேதான் கிடக்கும். வாரி எடுத்துவிட்டு மூடலாம்.

*

குன்னூரிலிருந்து: சார் சொல்லும் மணிக்கு ஒரு மீட்டர் கணக்கு எங்கள் ஊர் டிசம்பருக்குப் பொருந்தாது. குளிரில் கான்கிரீட் இறுக ரொம்ப நேரம் எடுக்கும். மேல் அடுக்கு போடும்போதும் கீழ் அடுக்கு கூழாகவே இருக்கும். கான்கிரீட் வேலைக்கான இந்தியத் தர விதி ஐ.எஸ். 456, சுவர்ப் பலகையைப் பிரிக்க 16 முதல் 24 மணி நேரம் என்கிறது. அதுவும் குளிர் இல்லாத இடத்துக்குத்தான். இங்கே ஒரு தடவை மறுநாள் காலையிலேயே பிரித்து, மூலை பலகையோடு பெயர்ந்து வந்தது.

*

நான் இன்ஜினியர் இல்லை, வீடு கட்டியவள். எங்கள் சம்ப் சுவரில் டை ராடு போன பி.வி.சி. குழாய்களை அப்படியே விட்டு, இரண்டு முனையிலும் சிமென்ட் பூசி மூடிவிட்டார்கள். வெளியே மண் நிரப்புவதற்கு முன் தண்ணீர் நிரப்பிப் பார்க்கலாம் என்று அப்பா பிடிவாதமாகச் சொன்னார். மூன்றாம் நாள் வெளிச் சுவரில் வரிசையாக ஈரவட்டங்கள், ஒவ்வொன்றும் ஒரு ரூபாய் அளவு, சரியாக அந்தக் குழாய் இருந்த இடங்களில். தண்ணீர்த் தொட்டிக்கு நடுவில் தகடு வைத்த டை ராடு உண்டாம், அது சுவருக்குள்ளேயே தங்கிவிடுமாம். ஷட்டர் அடிக்கும் முன்பே கேட்டு வாங்குங்கள். நாங்கள் 22 ஓட்டையையும் குடைந்து, சுருங்காத கிரவுட் (ஓட்டை அடைக்கும் சிமென்ட் கலவை) வைத்து அடைத்தோம்.